சைக்கிளோடு தலைக்கவசத்தையும் சேர்த்துத் தாருங்கள்

எங்கள் வலயக் கல்விப் பணிமனையின் அதிகாரிகளுக்கும், வருடா வருடம் வன்னிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வழங்கும் நலன்விரும்பிகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் பாடசாலை மண்டபத்தில் நடந்த பெற்றார் கூட்டத்தில் நான் எழும்பிக் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். இலவசமாகச் சைக்கிள் கொடுக்கும்போது ஒரு தலைக்கவசத்தையும் சேர்த்துக் கொடுக்க முடியாதா என்று கேட்டேன். "ரிப்பர் லொறி வந்து அடித்தால் தலைக்கவசம் என்னத்தைச் செய்யும்?" என்று மேடையில் இருந்து பதில் வந்தது. மண்டபத்தில் பலர் தலையாட்டினார்கள். அடுத்த விடயத்துக்குப் போய்விட்டீர்கள். பக்கத்தில் என் அக்கா அழத் தொடங்கிவிட்டதால் நானும் இருந்துவிட்டேன். அன்று சொல்ல முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன்.

என் அக்காவின் மகளை ரிப்பர் அடிக்கவில்லை.

அதை முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். தரம் 9 படிக்கிற பிள்ளை. பின்னேர வகுப்பு முடிந்து பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் வந்துகொண்டிருந்தாள். பின்னால் மணல் ரிப்பர் ஹோர்ன் அடித்துக்கொண்டு வர, ஓரத்துக்கு விலகியிருக்கிறாள். காப்பெட் போட்ட வீதி உயர்ந்து நிற்கிறது, ஓரத்துக் கிரவல் மழைக்கு அரித்துப் போய் நாலு விரல் பள்ளம். முன் சில்லு பள்ளத்தில் இறங்கியது. திரும்ப வீதிக்கு ஏற்றப் பார்த்தபோது சில்லு விளிம்பில் வழுக்கி, இடது பக்கமாக விழுந்தாள். தலை போய் மதகுக் கட்டின் மூலையில் அடித்தது. ரிப்பர் போய்விட்டது. பிள்ளை விழுந்தது அந்தச் சாரதிக்குத் தெரிந்தே இருக்காது.

அந்தச் சைக்கிளைப் பூட்டியது நான். நீங்கள் நடத்திய வழங்கல் நிகழ்வுக்காக வந்த பெட்டிகளை உடைத்து, ரிம் நெளிவு பார்த்து, பிரேக் இறுக்கி, பெல் வைத்து, நாற்பது சைக்கிளை நாலு நாளில் பூட்டிக் கொடுத்தேன். அவளுக்குக் கிடைத்ததும் அதில் ஒன்று. விழுந்த மறுநாள் அதைக் கடைக்குக் கொண்டு வந்தார்கள். ஹாண்டில் திரும்பியிருந்தது, பெல்லின் மூடி நசுங்கியிருந்தது. அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. வேலை முடிந்து சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பிள்ளை பெரியாஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள்.

மண்டையோட்டில் வெடிப்பு, உள்ளே சிறு இரத்தக் கசிவு என்றார்கள். நல்லகாலம், திறந்து ஒன்றும் செய்ய வேண்டி வரவில்லை. பதினொரு நாளில் வீட்டுக்கு வந்தாள். ஆனால் வந்தது பழைய பிள்ளை இல்லை. வெளிச்சம் பட்டால் தலையிடி. படித்துக்கொண்டிருந்த வரி எதுவென்று மறந்து போகிறது. ஒருநாள் பார்க்கப் போனேன். "மாமா, சாப்பிட்டிட்டீங்களோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கேட்டாள். அதற்கும் ஓம் என்றேன். மூன்றாம் தரமும் அதே சிரிப்போடு கேட்டபோது அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

தையல் போடுவதற்காக இடது பக்கம் முடி மழித்திருந்தார்கள். பாடசாலைக்குப் போகத் தொடங்கிய முதல் நாள், அக்கா வலது பக்கம் பின்னி, மடித்து, ரிப்பன் கட்டி முடித்தா. இடது பக்கம் பின்ன முடி இல்லை. மற்ற ரிப்பனைப் பிள்ளை கையில் பிடித்தபடி கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். அதிபர் நல்ல மனிதர், பின்னாமலே வரலாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைதான் அன்றைக்கும் போகவில்லை, அடுத்த கிழமையும் போகவில்லை.

இந்தப் பிள்ளையின் அம்மாவுக்குத்தான், "தலைக்கவசம் என்னத்தைச் செய்யும்" என்று மேடையில் இருந்து கேட்டீர்கள்.

என்ன செய்யும் என்று நான் சொல்கிறேன். என் கடையில் ஒரு பழைய சைக்கிள் தலைக்கவசம் கிடக்கிறது. கனடாவில் இருந்து வந்த உறவுக்காரப் பெடியன் விட்டுப் போனது. அங்கே அவன் அதைப் போட்டுக்கொண்டு விழுந்திருக்கிறான். அதை வாளால் இரண்டாக அரிந்து பார்த்தேன். வெளியே மெல்லிய பிளாஸ்டிக் ஓடு, உள்ளே ரெஜிபோம். எங்கள் மீன்காரர் ஐஸ் போட்டுக் கொண்டு வருகிற பெட்டியின் அதே சாதிப் பொருள்தான், கொஞ்சம் இறுக்கமானது. மீன் பெட்டியைப் பெருவிரலால் அமத்திப் பாருங்கள். குழி விழும், திரும்பி எழும்பாது. அவன் விழுந்த பக்கம் அந்தப் போம் அப்படித்தான் அமந்து போயிருந்தது, மற்றப் பக்கம் முழுத் தடிப்பில் இருந்தது. தலைக்குப் போக வேண்டிய அடியை அந்த இடம் தான் நசுங்கி வாங்கியிருக்கிறது. தலை ஒரேயடியாக நிற்காமல், போம் நசுங்குகிற அந்தக் கணத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நிற்கிறது. அந்தச் சின்னக் கணம்தான் மூளைக்குக் கிடைக்கிற பாதுகாப்பு. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசத்தைத் திரும்பப் போடக்கூடாது.

ஐரோப்பியத் தரமான இ.என். 1078 இன்படி, தலை வடிவத்தில் செய்த பாரத்துக்குத் தலைக்கவசத்தை மாட்டி, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்து இரும்புத் தட்டில் விழுத்துகிறார்கள். அடிபடும் வேகம் செக்கனுக்கு 5.42 மீட்டர், மணிக்குக் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். வீதியோரக் கட்டின் விளிம்பு போன்ற கூரான இரும்பிலும் தனியாக விழுத்திப் பார்க்கிறார்கள். உள்ளே தலைக்கு ஏற்படும் அதிர்வு புவியீர்ப்பின் 250 மடங்கைத் தாண்டினால் அந்தத் தலைக்கவசம் சித்தியடையாது. இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. சைக்கிளில் இருக்கிற ஒரு பள்ளிப் பிள்ளையின் தலை நிலத்தில் இருந்து ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அவளுடைய தலை அடித்தது மதகுக் கட்டின் விளிம்பில். அவர்கள் சோதிப்பது கிட்டத்தட்ட அவள் விழுந்த விழுகையைத்தான்.

என் கடை அனுபவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் செய்து 1989 இல் வெளிவந்த ஆய்வு, தலைக்கவசம் தலைக்காயத்தை 85 வீதம் குறைக்கிறது என்றது. அது கூடிப்போன கணக்கு என்று பிறகு பலர் வாதாடினார்கள். சரி, அதை விடுங்கள். 2016 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 40 ஆய்வுகளை ஒன்றாக வைத்து, விபத்தில் காயப்பட்ட 64,000 இற்கும் மேற்பட்ட சைக்கிளோட்டிகளின் விபரங்களைப் பார்த்தார்கள். தலைக்கவசம் போட்டவர்களுக்குத் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 51 வீதம் குறைவு. கடுமையான தலைக்காயம் 69 வீதம் குறைவு. உயிர் போகும் தலைக்காயம் 65 வீதம் குறைவு. முகக்காயமும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. கழுத்துக்குக் கூடாது என்று சிலர் சொல்வதற்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. குறைந்த கணக்கையே எடுத்தாலும் பாதிக்குப் பாதி.

உங்கள் பதிலில் உள்ள உண்மையையும் நான் மறைக்கவில்லை. வேகமாக வரும் ரிப்பர் நேராக மோதினால் ஒன்றரை மீட்டர் விழுகைக்குச் சோதித்த தலைக்கவசம் போதாது. நெஞ்சையும் காலையும் அது காப்பாற்றாது. ஆனால் என் கடைக்கு வருகிற சைக்கிள்களைக் கேளுங்கள். குறுக்கே நாய் ஓடி விழுந்தது, பொழுதுபட்ட நேரம் வீதியில் படுத்திருந்த மாட்டில் ஏற்றியது, ஹாண்டிலில் கொழுவிய புத்தகப் பை சில்லுக்குள் போனது, சோடியாக ஓடி ஹாண்டிலோடு ஹாண்டில் கொழுவியது, கரியரில் தம்பியை ஏற்றி டபிள்ஸ் போய்ச் சரிந்தது. எல்லாம் தானாக விழுந்த விழுகைகள். அங்கெல்லாம் அந்த ரெஜிபோம் வேலை செய்யும்.

இன்னொரு அதிகாரி, வீட்டில் இருக்கும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டு அனுப்பலாமே என்றார். அது ஒரு கிலோவுக்கு மேலே பாரம், காது மூடும், இந்த வெயிலுக்குள் மிதித்துக்கொண்டு போகிற பிள்ளைக்கு மூச்சு முட்டும். சைக்கிள் தலைக்கவசம் முந்நூறு கிராம் அளவில்தான் வரும், காற்றுப் போக வழி விட்டுச் செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் போடமாட்டார்கள் என்றும் சொன்னீர்கள். ஒரு பிள்ளை மட்டும் போட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள்தான். நாற்பது பேருக்கும் ஒரே நாளில் கொடுத்தால் யாரைப் பார்த்து யார் சிரிப்பது? பின்னலை மடித்துக் கட்டினால் தலைக்கவசம் சரியாக இருக்காது என்று பெண் பிள்ளைகள் சொல்கிறார்கள். பாடசாலைக்கு வந்து சேரும் வரைக்கும் பின்னலைத் தொங்க விடலாம் என்று ஒரு வரி அனுமதி கொடுங்கள், அந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தலையைக் காக்க வேண்டும் என்று எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. குண்டு போட வரும் கிபிர் விமானத்தின் சத்தம் கேட்டவுடன் பங்கருக்குள் குதித்து, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுக்கப் பழகி வளர்ந்தவர்கள் நானும் அக்காவும். 2009 இல், போரின் கடைசி மாதங்களில், எங்கள் அப்பாவின் சைக்கிளை முல்லைத்தீவுக் கரையோரத்து மாத்தளனில் விட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்து வந்தோம். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை இவள். இவளுடைய தலையில் இப்படியொரு காயத்தைப் பார்க்க வேண்டி வரும் என்று நாங்கள் நினைத்திருக்கவில்லை.

வீதியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காப்பெட் போட்டுத் தந்தீர்கள், நன்றி. அந்தக் காப்பெட்டில் ரிப்பர் பறக்கிறது, ஓரம் பள்ளமாகக் கிடக்கிறது, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலும் மணல் போகிறது. பருவகாலச் சீட்டுக்காரப் பிள்ளைகள் என்று கண்டால் பஸ் நிற்பதில்லை, அதனால்தான் ஏழெட்டுக் கிலோமீட்டர் மிதிக்கிறார்கள். நெதர்லாந்தில் தலைக்கவசம் போடுபவர்கள் மிகக் குறைவு, அங்கே சைக்கிளுக்கென்று தனிப்பாதை இருக்கிறது. எங்களுக்கும் அப்படியொரு பாதை தந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டோம். ஆனால் வீதி திருத்துவதற்கு நிதி வர வேண்டும், கேள்விப்பத்திரம் போக வேண்டும், வருடக் கணக்கு ஆகும். பிள்ளைகள் நாளைக் காலையும் சைக்கிளில் போகப் போகிறார்கள்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். தலைக்கவசம் இல்லாத பிள்ளையை வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பும்படி சுற்றறிக்கை போடாதீர்கள். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 இல் இதைச் சட்டமாக்கியபோது, சைக்கிள் ஓடும் பதின்ம வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததாக எண்ணிப் பார்த்தவர்கள் காட்டினார்கள். அங்கே சைக்கிளை விட்ட பிள்ளைக்கு வேறு வழி இருந்திருக்கும். இங்கே சைக்கிளை விட்டால் பள்ளிக்கூடத்தையும் விட வேண்டியதுதான். நான் கேட்பது தண்டனை இல்லை. சைக்கிளைக் கொடுக்கும் அதே கையால் தலைக்கவசத்தையும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பும் உறவுகளே, உங்களிடமும் இதையே கேட்கிறேன். நாற்பது சைக்கிளுக்குக் காசு போதாவிட்டால் முப்பத்தைந்தாகக் கொடுங்கள், ஒவ்வொன்றோடும் தலைக்கவசம் இருக்கட்டும். பாவித்தது, விழுந்தது, பழையது என்று சேர்த்து அனுப்ப வேண்டாம். உள்ளே போம் அமந்திருந்தால் வெளியே தெரியாது. எல்லோருக்கும் ஒரே அளவிலும் அனுப்ப வேண்டாம், பெரிதாக இருந்தால் விழும்போது கழன்று பின்னுக்குப் போய்விடும்.

அளவெடுக்கும் வேலையை நானே செய்கிறேன், காசு வேண்டாம். புருவத்துக்கு ஒரு விரல் மேலே நாடாவைச் சுற்றித் தலையின் சுற்றளவைச் சென்ரிமீட்டரில் எழுதித் தருகிறேன். வழங்கல் நாளில் அரை மணித்தியாலம் தாருங்கள். தலைக்கவசம் நெற்றியை மூடி புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும், வார் காதுக்குக் கீழே சேர வேண்டும், நாடிக்கும் வாருக்கும் இடையில் ஒரு விரல் மட்டும் போக வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பூட்டிக் காட்டுகிறேன்.

அடுத்த வழங்கலுக்கான சைக்கிள்கள் பெட்டியோடு வந்து என் கடைக் கொட்டிலில் இறங்கியிருக்கின்றன. முப்பத்திரண்டு பெட்டி. வரும் திங்கட்கிழமை பூட்டத் தொடங்க வேண்டும். அதற்கு முன்னர், தலைக்கவசம் தருவீர்களா என்று ஒரு வரியில் தயவுசெய்து பதில் தாருங்கள். பெயர்ப் பட்டியலையும் தந்தால் நாளைக்கே நாடாவோடு பாடசாலைக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்குச் சைக்கிள் பூட்டித் தருபவன்,
பரந்தன்–முல்லைத்தீவு வீதி