வாங்கும் முன் சுட்டுப் பார்க்க விடுங்கள்: நமது துப்பாக்கி சுடும் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழுவினருக்கு வணக்கம்.

சங்கத்தின் பழைய பாயிண்ட் 22 (0.22 அங்குலத் தோட்டா) கைத்துப்பாக்கிகளைக் கழித்துவிட்டுப் புதியவற்றை வாங்கப் போவதாகச் சென்ற வாரம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அனைத்தும் ஒரே ரகம், அனைத்தும் வலக்கைப் பிடி, அதுவும் நடுத்தர அளவு மட்டுமே என்று அதன் இரண்டாம் பத்தி சொல்கிறது. தயாரிப்பாளர் பெட்டியோடு அனுப்பும் சோதனைத் தாளில் ஐந்து தோட்டாக்களும் ஏறத்தாழ ஒரே துளையாக விழுந்திருப்பதையே தேர்வுக்குக் காரணமாகக் காட்டியிருக்கிறீர்கள். வாங்குவதற்கு முன் உறுப்பினர்கள் சுட்டுப் பார்க்க ஒரு நாள் ஒதுக்க வேண்டும் என்று நாங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த கோரிக்கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தத் தாளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுக்கி, ஆலை தேர்ந்தெடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலின் தரம் தெரிந்துவிடும். நாம் சுடப் போவது அந்தத் தோட்டாவைத்தானா? பாயிண்ட் 22 துப்பாக்கியில் போடும் ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கிறது. சுடும் ஊசி அந்த விளிம்பை நசுக்கிவிடுவதால், காலி உறையில் மறுபடியும் மருந்து நிரப்பித் துப்பாக்கிக்கு ஏற்றபடி அளவைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. ஆலை கொடுப்பதுதான் கதி. அதனால்தான் ஒரே ரகத்தைச் சேர்ந்த இரண்டு துப்பாக்கிகளில் ஒன்றுக்கு ஏலே நிறுவனத் தோட்டா ஒத்துப்போகிறது, மற்றொன்றுக்கு எஸ்கே நிறுவனத் தோட்டா ஒத்துப்போகிறது. ஒரே பெயருள்ள தோட்டாவிலேயே தொகுதி எண் மாறினால் துளைகளின் நெருக்கம் கலைந்துவிடக்கூடும். நமது கிடங்கில் இருக்கும் தோட்டாவைப் புதிய துப்பாக்கியில் யாராவது சுட்டுப் பார்த்தீர்களா?

அதைவிட முக்கியம் கை. எங்கள் சனிக்கிழமைக் குழுவில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருக்கிறார். இடக்கைப் பழக்கம் உள்ளவர், கையும் சிறியது. சங்கத்தில் இப்போதுள்ள வலக்கைப் பிடியில் வலது கட்டைவிரலுக்காகக் குடைந்த மேடு அவருடைய விரல் மூட்டில் அழுந்துவதால், சுடத் தொடங்கும் முன் அங்கே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்கிறார். உள்ளங்கையைத் தாங்கும் அடித்தட்டை அவர் அளவுக்கு உயர்த்தினால் அதன் திருகு நிற்பதில்லை. தோட்டாப் பெட்டியின் அட்டையைக் கிழித்து மடித்து இடுக்கில் செருகுகிறார், சில சுற்றுகளில் தட்டு இறங்கிவிட, மறுபடியும் சாவியை எடுத்துத் திருகுகிறார். சுடும் விசைக்கு (டிரிகருக்கு) விரல் நுனி மட்டுமே எட்டுவதால் அவர் அதை நேராகப் பின்னோக்கி இழுக்க முடியாமல் பக்கவாட்டில் தள்ளுகிறார்; துளைகள் வரிசையாக வலப்புறம் ஒதுங்குகின்றன. இதற்கு அவருக்குக் கிடைத்த ஆலோசனை, “இன்னும் பயிற்சி வேண்டும், அம்மா.” அதே அம்மையார், இரு கைக்கும் பொதுவான தட்டைப் பிடி கொண்ட சங்கத்தின் பழைய ரூகர் நிறுவனத் துப்பாக்கியை எடுத்தால் கறுப்பு வட்டத்தின் நடுவில் சுடுகிறார். சுற்றறிக்கையில் உள்ள துப்பாக்கியைவிடப் பல மடங்கு விலை குறைந்தது அது. அதைத்தான் இப்போது கழிக்கப் போகிறீர்கள்.

25 மீட்டர் துல்லியச் சுடுதலில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 41 ஆகிய பாயிண்ட் 22 கைத்துப்பாக்கிகளில் எதுவானாலும், ஏற்ற தோட்டாவோடு தாங்கியில் வைத்துச் சுட்டால் துளைகள் அதற்குள் அடங்கும். ரூகரிலும் 41-இலும் குறிபார்க்க உதவும் பின்குறி முன்னும் பின்னும் ஓடும் பாகத்தின்மேல் இல்லாததால் குழலுக்கும் குறிக்கும் உள்ள உறவு மாறுவதில்லை. வார இறுதியில் பொழுதுபோக்காகச் சுடும் நம் போன்றவர்களின் கை நடுக்கத்துக்கு முன், குழலில் மிச்சமாகும் சில மில்லிமீட்டர்கள் எம்மாத்திரம்? நமக்கு வித்தியாசத்தைக் காட்டுவது பிடியும் விசையும்தான். போட்டி விதிப்படி விசையை இழுக்கத் தேவைப்படும் எடை குறைந்தது 1000 கிராம் இருக்க வேண்டும். அந்த 1000 கிராம் ஒரு துப்பாக்கியில் பட்டென்று விடுபடும், இன்னொன்றில் மணலில் இழுபடும். விலைப்பட்டியலில் இரண்டும் ஒரே எண்தான். விரலை வைத்தவருக்கே தெரியும்.

பார்டினி, வால்தர் நிறுவனங்களின் துப்பாக்கிகள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவை உலகப் போட்டிகளுக்கென்றே செய்யப்பட்டவை. இடக்கைக்கும் வலக்கைக்கும் தனித்தனியாக, சிறிய கைக்கும் பெரிய கைக்கும் ஏற்ற பிடிகளோடு கிடைக்கின்றன. விற்பவர் தயாராக வைத்திருப்பதைக் கேட்டு வாங்காதது யார் குற்றம்?

உரிமச் சிக்கல் என்ற பதில் வரும் என்று அறிவேன். துப்பாக்கியை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள சிங்கப்பூரில் இடமில்லை. அதை மனமார ஏற்றுத்தான் இந்த விளையாட்டுக்கு வந்தோம். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் வேறொன்று வாங்க முடியாத எங்களில் பலருக்குச் சங்கத்தின் துப்பாக்கியே ஒரே துப்பாக்கி என்பதால்தான் இத்தனை மன்றாடுகிறோம். மாதிரித் துப்பாக்கிகளைக் கொண்டுவர முடியுமா என்று காவல்துறையின் உரிமப் பிரிவுக்கு ஒரு கடிதமாவது எழுதினீர்களா? ஓய்வறைக்குச் சோபா வாங்கியபோது செயற்குழு முழுவதும் கடைக்குப் போய் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தது. சோபாவுக்குக் கிடைத்த அந்த மரியாதை துப்பாக்கிக்கும் கிடைத்தால் போதும். சந்தா உயர்ந்தபோதும் நாங்கள் வாய் திறக்கவில்லை என்பதை இங்கே நினைவூட்டுவது முறையல்ல, பொறுத்தருள்க.

பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: ஆணையில் கையெழுத்திடும் முன் சுட்டுப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள். சுடுதள அதிகாரியின் மேற்பார்வையில், நமது கிடங்கின் தோட்டாக்களைக் கொண்டு, ஒவ்வொரு ரகத்தையும் தாங்கியிலும் கையிலும் சுட்டு, அந்தத் தாள்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இடக்கையாளர்களையும் சிறிய கை உள்ளவர்களையும் முதலில் அழையுங்கள். அதற்குள் விலைக்கேட்பின் கெடு முடிந்துவிடும் என்றால், வாங்கும் எண்ணிக்கையில் இரண்டையாவது இடக்கைப் பிடியோடு கேளுங்கள். பழைய ரூகரை அதுவரை கழிக்காமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமைக் குழுவின் உறுப்பினர் ஒருவர்
சிங்கப்பூர்