அரிச்சல்முனையில் காவல் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த மாதம் குடும்பத்துடன் தனுஷ்கோடியைக் கடந்து அரிச்சல்முனைக்குச் சென்றிருந்தோம். வடபுறம் பாக் நீரிணைக் கடல் குளம்போல் அடங்கிக் கிடக்க, தென்புறம் மன்னார் வளைகுடா அலையெறிந்துகொண்டிருந்தது. அவற்றைப் பெண்கடல், ஆண்கடல் என்று அவ்வூரார் அழைப்பதன் பொருத்தம் நேரில் கண்டால்தான் விளங்கும். ஆனால், அந்த அமைதியை நம்பி, நீரோட்டங்கள் சந்திக்கும் மணல்நுனியில் சிறுவர்கள் இறங்கி விளையாடியதைக் கண்டு பதறிப்போனேன். காலடி மணல் சரியும், நீர் இழுக்கும் என்று எச்சரிக்க அன்று அங்கே ஒருவரும் இல்லை. 1964 டிசம்பர் புயலில் ஊரையும், பயணிகளோடு ஒரு ரயிலையும் பறிகொடுத்த கரை அது. 2017இல் சாலை திறக்கப்பட்டபின் வாகனங்கள் முனைவரை செல்வதால், வடமாநில யாத்ரீகர்களுக்கும் புரியும்படி தமிழுடன் இந்தியிலும் எச்சரிக்கைப் பலகைகள் வைத்து, பகல் முழுவதும் உயிர்காப்பாளர்களை நிறுத்துமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை