சுண்டைக்காய் கால் பணம்

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதத்துக்குச் சோம்பல்தான் காரணம், வேறொன்றும் இல்லை. பேரன் நாணயம் சேர்க்க ஆரம்பித்திருக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அவனுக்கு ஒரு சேதி. இங்கே அமெரிக்காவில் ஒரு சென்ட் காசு அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். 2025 நவம்பர் 12-ஆம் தேதி பிலடெல்பியா நாணயச்சாலையில் கடைசிக் காசு விழுந்தது. என் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். 1793-இல் தொடங்கிய காசு. கடைசியில் ஒன்றை அடிக்க 3.69 சென்ட் ஆனதாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று உன் அம்மா சொல்வார்களே, அதேதான். நம் ஊரில் 2011-இல் நாலணாவைச் செல்லாது என்று ஒரேயடியாக முடித்துவிட்டார்கள். இங்கே பழைய காசு செல்லும். புதிதாக அடிக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அதே நவம்பர் 12 ராத்திரிதான், மூடிக் கிடந்த அரசாங்கத்தையும் திறந்தார்கள். மொத்தம் 43 நாள். நம் ஊர் பந்த் என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு டீக்கடை திறந்துவிடும். இங்கே செலவுக்கு அனுமதி தரும் மசோதா நிறைவேறாவிட்டால் கதவை இழுத்துச் சாத்திவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மத்திய அரசு ஊழியர். 43 நாளும் வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். கடைசி வாரத்தில், மரத்தடியில் நின்று ஒவ்வொரு இலையும் விழக் காத்திருந்து கூட்டியதுபோல் எனக்குத் தோன்றியது. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்கள் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார்கள். உணவு உதவியை நம்பியிருக்கும் நாலு கோடிப் பேருக்கு நவம்பரில் அது ஒழுங்காக வந்து சேரவில்லை. காங்கிரஸ் (இங்கே நாடாளுமன்றத்துக்கு அதுதான் பெயர்) உறுப்பினருக்கு வருடத்துக்கு 1,74,000 டாலர் சம்பளம். அது மட்டும் நிற்கவில்லை. சண்டை எதற்கென்றால், அந்த டிசம்பரோடு முடியவிருந்த மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்று. கதவைத் திறந்துவிட்டார்கள், மானியத்தை நீட்டிக்கவில்லை.

மருத்துவம் என்றதும் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் ஏணியிலிருந்து சறுக்கி மணிக்கட்டில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போனேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, அவள் சம்பளத்தையே கேட்டுவிட்டதுபோல் பார்த்தாள் கவுன்ட்டரில் இருந்த பெண். ஒரு எக்ஸ்ரே, ஒரு கட்டு, ஐந்து மணி நேரக் காத்திருப்பு. பத்து நாள் கழித்து காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்து ஒரு காகிதம்: 2,740 டாலர். மேலே கொட்டை எழுத்தில், ‘இது பில் அல்ல’. அடுத்த வாரம் இன்னொன்று, வேறொரு தொகை, அதுவும் பில் அல்ல. மூன்றாவதாக வந்ததுதான் பில், 385 டாலர். எந்தக் கணக்கில் 2,740 குறைந்து 385 ஆனது என்று போன் பண்ணிக் கேட்டேன். நாற்பது நிமிடம் பியானோ வாசித்தார்கள். கட்டிவிட்டேன்.

இருபத்தாறு வருடத்தில் எனக்குப் பழகாத ஒரே விஷயம் இதுதான் மணி, எந்தப் பொருளுக்கும் முதலில் சொல்வது விலை கிடையாது. கடையில் ஒட்டியிருக்கும் விலைக்கு மேல் வரி. எங்கள் மாநிலமான பென்சில்வேனியாவில் துணிமணிக்கு வரி இல்லை, டிவிக்கு உண்டு. அதனால் விற்பனை வரியே இல்லாத பக்கத்து மாநிலம் டெலவேருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய் வாங்குகிறவர்கள் உண்டு. அதற்கும் மேல் டிப்ஸ். முன்பெல்லாம் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான். இப்போது ஒரு காபியை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு போவதற்கும் திரையை நம் பக்கம் திருப்பி வைக்கிறார்கள்: 18, 20, 25 சதவீதம். வேண்டாம் என்ற பொத்தான் ஒரு மூலையில் சின்னதாக இருக்கும். அந்தப் பெண் நாகரிகமாகக் கூரையைப் பார்ப்பாள். பின்னால் நிற்கிறவர் பார்க்க மாட்டாரா என்ன? 20-ஐ அழுத்திவிடுவேன்.

அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. பென்சில்வேனியாவில் டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.83 டாலர். மத்திய அரசின் சட்டத்தில் இன்னும் குறைவு, 2.13. அந்த 2.13 நிர்ணயமான வருடம் 1991. அப்போது நீயும் நானும் மன்னார்குடியில் வேலை தேடிக்கொண்டிருந்தோம். 2024 தேர்தலில் டிரம்ப், டிப்ஸுக்கு வருமான வரி கிடையாது என்றார். கமலா ஹாரிஸும் அதையே சொன்னார். எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். 2025 ஜூலையில், 25,000 டாலர்வரை டிப்ஸை வருமானக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டமும் வந்துவிட்டது. முதலாளி கூடக் கொடுக்கட்டும் என்று மட்டும் அந்தச் சட்டம் சொல்லவில்லை.

இதையெல்லாம் டிவியில் விளக்கமாட்டார்களா என்று கேட்பாய். ராத்திரிச் செய்தி போட்டால் பாதி நேரம் மருந்து விளம்பரம். டாக்டர் சீட்டு வேண்டிய மருந்தை இப்படிக் கூவி விற்க விடுவது இந்த நாடும் நியூசிலாந்தும்தான். ஒரு பாட்டி கடற்கரையில் பட்டம் விடுவாள். பின்னணியில் ஒரு குரல் பக்கவாதம், ஈரல் கோளாறு, மரணம் என்று தேவாரம் ஓதுவதுபோல் ஓதிக்கொண்டே போகும். பாட்டி சிரித்துக்கொண்டே இருப்பாள். எனக்கு ரத்த அழுத்தம் ஏறுவது செய்தியாலா விளம்பரத்தாலா தெரியவில்லை.

சரி, பிப்ரவரியில் ஊருக்கு வருகிறேன். சமையலறையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சென்ட் காசு கிடக்கிறது, எல்லாம் லிங்கன் தலை. மொத்தத்தையும் பேரனுக்குக் கொண்டுவரலாம் என்று நிறுத்துப் பார்த்தேன். ஆயிரம் காசு இரண்டரைக் கிலோ, மதிப்பு பத்து டாலர். பெட்டி எடை கூடினால் விமானக் கம்பெனிக்கு அதைவிடப் பல மடங்கு அழ வேண்டியிருக்கும். அதனால் பத்தே பத்துக் காசு, சட்டைப் பையில்.

அன்புடன்,
சீனு