கையடக்க சால்டரிங் அயர்ன்: வாங்குமுன் வோல்டேஜைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லை வட்டாரப் பள்ளி மாணவர்கள் அறிவியல் கண்காட்சிகளில் வைக்கும் மாதிரிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகள் வெளிவருகின்றன. அந்த மாதிரிகளுள் பல, பிரெட்போர்டு என்னும் துளைப்பலகையில் செருகிய கம்பிகளோடு நின்றுவிடுகின்றன. கண்காட்சி முடிந்து ஊர் திரும்பும் பேருந்திலேயே கம்பிகள் கழன்று, மறுநாள் வீட்டில் காட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை. சால்டரிங் அயர்னால் ஈயத்தை உருக்கி வைத்து இணைத்தால் தீர்ந்துவிடும் குறை இது. ஆனால் ஈயம் வைக்கப் பழகும் பிள்ளைகளின் கையில் நாம் கொடுக்கும் கருவியே அவர்களை அந்த வேலையிலிருந்து விரட்டுகிறது என்பது, பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்காக ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் கட்டி வருபவன் என்ற முறையில் என் கருத்து.

230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகும் 25 வாட் அயர்ன்தான் நம் பக்கத்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது. அதில் ஹீட்டர் பின்னால் இருக்கிறது. வேலை நடப்பதோ பிட் எனப்படும் முன்முனைத் துண்டின் நுனியில். சூட்டைக் கட்டுப்படுத்த அதற்குள் எதுவும் இல்லாததால், சும்மா வைத்திருக்கும்போது சூடு அளவுக்கு மீறி ஏறி, பிட் கருத்து, ஈயம் ஒட்டாமல் உருண்டு விழுகிறது. அதே அயர்னை போர்டின் அகன்ற செப்புப் பரப்பில் வைத்தால் சூடு முழுவதையும் செம்பு இழுத்துக்கொள்ள, ஈயம் பாதி உருகி, மங்கிய சாம்பல் நிறத்தில் உறைகிறது. பழுதுபார்ப்பவர்கள் டிரை சால்டர் என்று சொல்லும் கோளாறு இப்படித்தான் பிறக்கிறது. பழகிய கைக்கு இதைச் சமாளிக்கத் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளை அதே இடத்தில் அயர்னை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் பேட் என்னும் செப்புப் பொட்டு போர்டைவிட்டு உரிந்து வந்துவிடும்.

பேனா அளவில் இப்போது வரும் கையடக்க அயர்ன்களில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அளவு அல்ல, நுனியின் அமைப்பு. டிஎஸ்100 (TS100), 2020-இல் வெளிவந்த பைன்சில் (Pinecil) ஆகிய கருவிகளில் ஹீட்டரும் வெப்பத்தை உணரும் தெர்மோகப்பிளும் பிட்டுக்குள்ளேயே, நுனிக்கு மிக அருகில் அடக்கப்பட்டிருக்கின்றன. ஹீட்டருக்கு மின்சாரம் செல்லும் அதே இரு முனைகளின் வழியாகத்தான் தெர்மோகப்பிளின் நுண்ணிய மின்னழுத்தமும் திரும்பி வருகிறது. கைப்பிடியிலுள்ள சிறு கணினிச் சில்லு மின்சாரத்தை நொடிக்குப் பல முறை நிறுத்தி, அந்த இடைவெளியில் நுனியின் சூட்டை அளந்து, குறைந்த அளவுக்கு மட்டும் மீண்டும் மின்சாரம் விடுகிறது. ஆகவே 320 டிகிரி என்று வைத்தால், அகன்ற செம்பைத் தொட்டாலும் நுனி உடனே சுதாரித்துக்கொள்கிறது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த 63/37 ஈயம் 183 டிகிரியில் உருகுவது. 320 டிகிரி நுனி அதைச் சில நொடிகளில் பளபளவென்று பரப்பிவிடும்.

பிடிக்கும் இடத்துக்கும் நுனிக்கும் இடையே தூரம் குறைவு என்பது இன்னொரு நன்மை. எழுதுகோலைப் பிடிப்பதுபோல விரல்களை ஊன்றிக்கொண்டு போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டப்படும் நுண்ணிய எஸ்எம்டி பாகங்களையும் வைக்கலாம். அசைவை உணரும் சென்சாரும் உள்ளே இருப்பதால், கீழே வைத்துச் சிறிது நேரம் கழிந்ததும் கருவி தானாகச் சூட்டைக் குறைத்துக்கொள்ளும். எடுத்தால் விழித்துக்கொள்ளும். மறதிக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டாம்.

ஆனால் 'கையடக்கம்' என்ற ஒரே பெயரில் இரு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. சில மாதங்களுக்கு முன், அறிமுகமான மாணவர் ஒருவர் ஆசையோடு வாங்கி வந்த அயர்ன், போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் மட்டும் இயங்கும் 8 வாட் வகை. மெல்லிய கம்பி இரண்டை ஒட்டவைக்க அது போதும். அவர் வைத்திருந்த ஆம்ப்ளிஃபயர் போர்டில், அகன்ற செம்போடு சேர்ந்த கிரவுண்ட் முனையில் ஈயம் பசைபோல் இழுபட்டதே தவிர ஓடவில்லை. கையடக்க அயர்னே இப்படித்தான் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். அவர் அதைத் தூக்கி எறிந்ததில் வியப்பில்லை.

கணக்கு எளியது. டிஎஸ்100, பைன்சில் போன்ற கருவிகளின் பிட்டுக்கு ஏறத்தாழ 8 ஓம் மின்தடை என்று கொண்டால், 5 வோல்ட்டில் கிடைப்பது 3 வாட், 9 வோல்ட்டில் 10 வாட், 12 வோல்ட்டில் 18 வாட், 20 வோல்ட்டில் 50 வாட், 24 வோல்ட்டில் 72 வாட். வோல்டேஜ் இரட்டித்தால் சூடாக்கும் திறன் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்த விதிதான் இது. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாட் எவ்வளவு என்பதல்ல. எந்த வோல்ட்டில் அந்த வாட் என்பதுதான். 9 வோல்ட்டுக்கென்றே குறைந்த மின்தடையுள்ள பிட்டோடு வந்த டிஎஸ்80 (TS80) போன்ற விதிவிலக்குகள் உண்டு. டிஎஸ்80-க்கும் 18 வாட்டே எல்லை.

20 வோல்ட் எங்கிருந்து வரும்? டைப்-சி பிளக் உள்ள லேப்டாப் சார்ஜர் பலவும் பிடி (PD) என்னும் பவர் டெலிவரி முறையில் அதைத் தரும். 65 வாட் சார்ஜர் இந்த வேலைக்குத் தாராளம். போனோடு வரும் 'ஃபாஸ்ட் சார்ஜர்'களில் சில தங்கள் சொந்த முறையில் மட்டுமே அதிவேகமாகப் பேசுபவை. அவற்றின் மேல் 65 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் அயர்னுக்கு அவ்வளவும் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 20 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அதே பார்வையை பவர் பேங்கிலும் செலுத்தினால், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து பிற்பகல் வரை மின்சாரம் இல்லாதபோதும் வேலை நிற்காது.

மின்சாரமே இல்லாத காலத்தில் இந்தக் கருவியின் அருமை தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரப் பகுதிகள் பலவற்றில் சில நாட்கள் மின்சாரம் இல்லை. அத்தகைய நேரத்தில் 12 வோல்ட் கார் பேட்டரியே போதும். அதில் கிடைப்பது 18 வாட்தான் என்றாலும், ரேடியோவின் அறுந்த பேட்டரிக் கம்பியையோ அவசர விளக்கின் இணைப்பையோ சரிசெய்ய அது தாராளம். 230 வோல்ட் அயர்னை அன்று ஆணியில் மாட்டிவைக்கலாம்.

கேபிளைப் பற்றியும் ஒரு சொல். சாதாரண பிவிசி உறை போட்ட டைப்-சி கேபிள் நுனியில் பட்டால் உருகும்; விறைப்பாக இருப்பதால் கையையும் இழுக்கும். சிலிக்கோன் உறை போட்ட கேபிள் துணிக்கயிறுபோல் வளையும், சூட்டையும் தாங்கும். அயர்னுக்குச் செலவழித்தவர்கள் இதில் மிச்சம்பிடிப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லோரும் விட்டுவிடும் விஷயம் எர்த். லேப்டாப்பைச் சார்ஜில் போட்டு அதன் உலோக உடலில் விரலை மெல்ல ஓட்டினால் சுள்ளென்று ஓர் உணர்ச்சி வருவதை வாசகர்கள் அறிவார்கள். இரண்டு முள் சார்ஜர்களின் உட்புறக் கெப்பாசிட்டர் வழியே கசியும் அந்த மின்னழுத்தம் அயர்னின் நுனிக்கும் வந்து சேரும். நுனிக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்துப் பார்த்தால் பல பத்து வோல்ட் காட்டும். மின்னோட்டம் மிகச் சிறியது, ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரின் 'கேட்' முனையிலுள்ள மெல்லிய படலத்தைத் துளைக்க அது போதும். புதுப் பாகம் ஏன் செத்தது என்று தெரியாமல் திகைக்க வேண்டியதுதான். டிஎஸ்100, பைன்சில் போன்றவற்றில் எர்த் கம்பி மாட்டுவதற்கென்றே ஒரு திருகு விடப்பட்டிருக்கிறது. அதைத் தொடுவார் இல்லை. நம் ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றில் சுவர் பிளக்கின் மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பியே இருப்பதில்லை என்பதால், முதலில் வீட்டு எர்த்தையும் சரிபார்க்க வேண்டும். பவர் பேங்கில் ஓட்டினால் இந்தத் தொல்லை கிடையாது.

இதனால் முடியாத வேலைகளும் உண்டு. பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் ஆன்டெனா கேபிளில் போடும் பிஎல்-259 கனெக்டரின் கனத்த பித்தளை உடலில் கேபிளின் பின்னலை ஒட்ட இந்தச் சிறு நுனி போதாது. பெரிய பிட் கொண்ட பழைய 60 வாட், 100 வாட் அயர்னே அதற்கு வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் மொட்டைமாடியில் நின்று செய்வதென்றால் அதற்கும் மறைப்பு ஒன்று கட்டியாக வேண்டும். அயர்னோடு வரும் கூம்பு பிட்டைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். தொடும் பரப்பு குறைவு என்பதால் சூடு இறங்காது. உளிபோல் தட்டையான பிட்தான் பெரும்பாலான வேலைக்கு ஏற்றது. அது நெல்லைக் கடைகளில் கிடைக்காமல் ஆன்லைனிலோ, சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவரிடமோ சொல்லி வாங்க வேண்டியிருக்கிறது. சந்திப்பிலும் டவுனிலும் உள்ள உதிரிபாகக் கடைக்காரர்கள் இரண்டு மூன்று வகை பிட்டை மட்டுமாவது இருப்பில் வைத்தால், அயர்னையும் அவர்களிடமே வாங்குவோம்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகங்களுக்கும் பிற அறிவியல் மன்றங்களுக்கும் கருவி வாங்கும்போது 'சால்டரிங் அயர்ன்' என்று ஒரு சொல்லில் விலைப்புள்ளி கேட்டால், இருப்பதிலேயே மலிவானதுதான் வந்து சேரும். சூட்டுக் கட்டுப்பாடு உள்ளது, 20 வோல்ட் பவர் டெலிவரி (PD) வசதி உள்ளது, தட்டை பிட், சிலிக்கோன் கேபிள், எர்த் கம்பி, கனமான ஸ்டாண்ட் என்று எழுதிக் கேட்க வேண்டும். எடை குறைந்த பேனா அயர்ன் மேசையில் உருளும். கேபிள் இழுத்தால் மடியில் விழும். ஆகவே ஸ்டாண்டை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. அயர்னின் சூட்டில் ஈயம் ஆவியாவதில்லை. எழும் புகை, ஈயம் நன்கு ஒட்டுவதற்காகச் சேர்க்கும் ஃப்ளக்ஸிலுள்ள ரோசின் என்னும் பிசினின் புகை, அது மூச்சிரைப்பைக் கிளப்பக்கூடியது. எனவே ஜன்னலோரத்தில் மேசையைப் போட்டு, பிள்ளைகள் ஈயம் பட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மதிய உணவுக்குச் செல்ல வேண்டும் என்பதையும் ஆய்வக விதிகளில் சேர்க்குமாறு தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை.