விபுலானந்தர் இல்லத்துக்கு ஒரு நன்றி மடல்

விபுலானந்தர் இல்லத்துப் பிள்ளைகளுக்கும், இல்லப் பொறுப்பாசிரியருக்கும், கொக்கட்டிச்சோலைப் பெரியவருக்கும்,

வணக்கம். நான் உங்கள் பாடசாலையிலேயே மற்ற விளையாட்டு இல்லமான நாவலர் இல்லத்துத் தரம் 8 மாணவன் ஒருவனின் அம்மா. எந்த மாணவன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் உங்கள் அலங்காரத்தைத் தள்ளி விழுத்தியவன்தான்.

அது என்ன சின்ன அலங்காரமா? சூடடிக்கும் களமான களவெட்டி ஒன்றை முழுதாகவே மைதானத்துக்குக் கொண்டுவந்திருந்தீர்கள். சூடு என்கிற கதிர்க் குவியல், காவல் வாடி, சுளகு, மரைக்கால், நெல் தூற்றுகிற பொம்மைகள். வெள்ளாமை வெட்டைக் கிட்ட நின்று பார்த்த பிள்ளைகள் செய்தது என்று பார்த்தவுடனே தெரியும். அதைத்தான் இவன் இரண்டு கூட்டாளிமாரோடு, பகிடிக்கென்று, சரித்துவிட்டு வந்தான்.

உங்கள் பொறுப்பாசிரியர் சேர் அழைத்துச் சொன்னதும் வந்த ஆத்திரத்தில், "ரெண்டு அடி போட்டு விடுங்க சேர்" என்றேன். "அடிக்கக் கூடாதெண்டு கல்வி அமைச்சின்ட 12/2016 சுற்றறிக்கை இருக்கம்மா. அது இல்லாட்டியும் அடிக்க மாட்டன். அடிச்சா கணக்கு முடிஞ்சுதெண்டு நினைச்சிருவான். ஆளை இங்க கூட்டிட்டு வாங்க" என்றார்.

கூட்டிக்கொண்டு வந்தேன். எல்லாருக்கும் முன்னால் நிற்க வைத்தார். இவன் "பகிடிக்குத்தான் சேர்..." என்று தொடங்க, "அதை விடு, என்ன செய்தாயெண்டு மட்டும் சொல்லு" என்றார். சொன்னான். வாடிக்குக் கூரை பின்னிய உங்கள் இல்லத்து மகளிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் "இப்ப ஏலா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்களைப் போன்ற பெரிய ஆட்கள் என்றால் "சரி சரி, கையைக் குடு" என்று அந்த இடத்திலேயே இரண்டு பேரையும் சேர்த்து வைத்திருப்போம். சேர் அப்படிச் செய்யவில்லை. "ஏலாட்டிப் பரவாயில்ல மகள்" என்று அவளை அவள்பாட்டில் விட்டுவிட்டு, இவன் கையில் வேலையைக் கொடுத்தார். இந்த மடல் முக்கியமாக அதற்காகத்தான். மகளே, உனக்கும் நன்றி. நீ வாய்க்கு வந்தபடி ஒரு 'சரி' சொல்லியிருந்தால், இவன் அன்றிரவே எல்லாவற்றையும் மறந்திருப்பான்.

சரிந்த வைக்கோல் மிதிபட்டு ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது. அந்த இரவில் லாண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தில் புது வைக்கோல் ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் வந்தவர் கொக்கட்டிச்சோலைப் பெரியவர். 2014இல் அந்தப் பாலம் திறக்கும் முன்பென்றால் வாவியைக் கடக்கப் பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்து நின்றே விடிந்திருக்கும். ஐயா, வந்து இறங்கியதும் "ஆர் தள்ளினது?" என்று கேட்டீர்கள். "நான்தான்" என்றான். "அப்ப நீதான் இறக்கோணும் மனே" என்றீர்கள். வேறொரு சொல்லும் இல்லை. முழுவதையும் அவனே இறக்கினான்.

இல்லத் தலைவரான தம்பி அவனைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கயிறு கட்டப் பழக்கினார். ஒருவன் மட்டும் இடைக்கிடை குத்திக் கதைத்தான். கதைக்கட்டும், அது அவனுடைய உழைப்பும்தானே. இராச் சாப்பாட்டுக்குக் கொத்துரொட்டி வந்தபோது எண்ணி வாங்கிய பார்சல்களில் இவனுக்கும் ஒன்று இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பார்சலைப் பற்றியே கதைத்தான். "எனக்கும் சேர்த்து எண்ணியிருக்காங்க அம்மா."

அலங்காரத்தில் உங்களுக்கு இரண்டாமிடம்தான் கிடைத்தது. கூரை முந்தின மாதிரி வரவில்லை என்பது எனக்கே தெரிந்தது. அந்த இழப்பை எங்களால் ஈடு செய்ய முடியாது.

அந்த மகள் போன கிழமை இவனிடம் கோடு போட அடிமட்டம் இரவல் வாங்கினாளாம். அதற்கு மேல் நான் ஒன்றும் விசாரிக்கவில்லை.

பெரியவருக்கு ஒரு சொல். வைக்கோலுக்கும் டீசலுக்கும் காசு நீட்டியபோது வாங்க மாட்டேன் என்றுவிட்டீர்கள். அடுத்த ஞாயிறு பாரைக் கருவாட்டோடு மகனை அனுப்புகிறேன். அதையும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆரையம்பதியிலிருந்து ஒரு தாய்