நாய்க்கழிவை வண்டியில் வாங்குங்கள்: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும் நகர்நல அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம். தெருவில் அடிபட்ட நாய்களையும் தாயில்லாத குட்டிகளையும் தத்துப் போகும்வரை வீட்டில் வைத்துப் பராமரிக்கிறவர்கள் சார்பில் எழுதுகிறோம். சென்ற வாரம் எங்கள் வீட்டுக் கதவுகளில் உங்கள் சுகாதாரப் பிரிவு ஒட்டிய அறிவிப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். நாய்க்கழிவைக் குப்பை வண்டியில் போடக் கூடாது, கொல்லையில் குழி வெட்டிப் புதைக்க வேண்டும், தினமும் பினாயில் ஊற்றி பிளீச்சிங் பவுடர் தூவ வேண்டும், ஏழு நாளில் நாற்றம் நிற்காவிட்டால் நடவடிக்கை என்கிறது அது. வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அறிவிப்பில் சொன்னபடி செய்தால் வீடு சுத்தமாகாது என்பதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் குழி. இது டெல்டாவின் களிமண். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினாலே கொல்லைக் கிணற்றில் நீர் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டடி தோண்டுவதற்குள் குழியில் நீர் ஊறி நிற்கும். அதில் போட்ட கழிவு மக்குவதில்லை, மிதக்கிறது. அடுத்த மழையில் துளசி மாடம், துணி துவைக்கும் கல், அடிபம்பு என்று கொல்லை முழுக்கப் பரவுகிறது. நாயின் மலத்திலுள்ள கொக்கிப்புழு முட்டை ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில், வெறுங்காலோடு நடப்பவரின் தோலுக்குள் நுழையும் புழுவாகிவிடும். உருண்டைப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆனால் வந்தபின் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் பிள்ளைகளுக்கு அதுதான் ஆபத்து. குட்டிகளுக்கு இரண்டாவது வாரம் தொடங்கி இரு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுத்துவிடலாம். மண்ணுக்குக் கொடுக்க மருந்து கிடையாது. கழிவு விழுந்த அன்றே வீட்டைவிட்டுப் போக வேண்டும். அன்றே போக வேண்டுமென்றால், தினமும் வாசலுக்கு வரும் உங்கள் வண்டிதான் அதை வாங்க வேண்டும்.

வாங்க மறுக்கும் தூய்மைப் பணியாளர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. மக்கும் குப்பையோடு அது கலந்தால், நுண் உரக்கூடத்தில் கையால் பிரிக்கிற பெண்களின் விரலில்தான் ஒட்டும். அதனால்தான் தனி வாளி கேட்கிறோம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே டயபர், நாப்கினோடு அவை போன்ற மற்றக் கழிவுகளையும் சுகாதாரக் கழிவில் சேர்த்திருந்தன. குட்டிகளுக்கு விரித்த தினத்தாளும் அதிலுள்ள மலமும் அந்த வகைதான் என்று நீங்கள் ஓர் உத்தரவு போட்டால் போதும். தாளில் சுருட்டி, உறையில் கட்டி, மேலே சிவப்புக் குறியிட்டுத் தர நாங்கள் தயார்.

அடுத்தது பினாயிலும் பவுடரும். குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் பார்வோ வைரஸை ஒழிக்கப் பினாயிலை நம்ப முடியாது. அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் தங்கும். கறுப்புப் பினாயில் பட்ட காலை நக்கும் குட்டிக்கு அதுவே நஞ்சு. பவுடரை உலர்வாகத் தூவினால் பாதத்தைப் புண்ணாக்கும். மூத்திரத்தில் பட்டால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும். சரியான முறை வேறு. மலத்தை அள்ளி, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, நன்றாக அலச வேண்டும். அழுக்கு மிச்சமிருந்தால் பவுடரில் கிருமியைக் கொல்லும் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். சோப்பு முந்த வேண்டியது அதற்காகத்தான். பிறகு பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் புதுப் பவுடர் கலந்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி, தரையைப் பத்து நிமிடம் ஈரமாகவே வைக்க வேண்டும். அதன்பின் மறுபடி அலசி, முழுக்கக் காயும்வரை நாயை விடக் கூடாது. கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். பிரித்து வைத்த பொட்டலம் நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் வீரியம் இழக்கும். படுக்கைக்குச் சாக்கு கூடாது, உண்ணி அதில்தான் பதுங்கும். பழைய பருத்திப் புடவை போதும், சுடுநீரில் துவைத்து வெயிலில் போடலாம். சுவர் விரிசலைச் சிமெண்டால் அடைத்தால் உண்ணி முட்டையிட இடமிருக்காது. புதிதாக வரும் குட்டிக்கு 14 நாள் தனி அறை, தனி வாளி, தனிச் செருப்பு. இவ்வளவையும் செய்கிற வீடுகளின் கதவில்தான் உங்கள் எச்சரிக்கை தொங்குகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தூர் வாராத சாக்கடையின் ஓரமாக வெள்ளைக்கோடு இழுத்துவிட்டுப் போகிறார்கள். சேற்றின் மேல் விழுந்த பவுடர் சேற்றிலேயே செலவாகிவிடும், கிருமி பெரிதாகச் சாகாது. அந்தச் சாக்கடை நாற்றத்துக்கும் சேர்த்து நாய் வைத்திருப்பவர்களைக் கைகாட்டுவது நியாயமில்லை. கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனியாக மனு தருகிறோம்.

இந்த மடலில் கேட்பது ஒன்றே: நாய்க்கழிவைத் தனி வாளியில் வாங்குங்கள். அதுவரை புதைக்கச் சொல்லும் அறிவிப்பை நிறுத்தி வையுங்கள். வண்டிக்கு ஒரு மூடி போட்ட வாளி, அதைத் தூக்குகிறவருக்கு ரப்பர் கையுறை, வண்டி வரும் நேரம் பற்றிய தகவல், இவ்வளவுதான் தேவை. புரட்டாசி முடிவதற்குள், கொல்லையில் தண்ணீர் ஏறும் முன், உத்தரவு வர வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வண்டி எத்தனை மணிக்கு வந்தாலும் பொட்டலம் கட்டித் தயாராக இருக்கும்.

இங்ஙனம்,
நாய்களை வீட்டில் வைத்துப் பராமரிப்போர்