பொட்டலத்துடன் ஒரு கடிதம்

பாளையங்கோட்டை
தை 4, ஞாயிறு

அன்பு மகள் சங்கரிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். பொங்கலன்று நீ அனுப்பிய கரும்புப் படம் வந்தது. அப்பா அதை எதிர்வீடு வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். படத்துக்குப் பின்னால் உன் குரலும் வரும் என்று நான் அன்று முழுவதும் கைப்பேசியை அடுக்களை மேடையிலேயே வைத்திருந்தேன். குறையாகச் சொல்லவில்லை. பத்து மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு, பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகைக் குளிரில், வீட்டையும் பார்த்து, வேலைக்குத் திரும்புவதற்கும் ஆயத்தம் செய்துகொண்டிருப்பவளுக்கு நேரம் எங்கே இருக்கும் என்று நானே அப்பாவிடம் சொன்னேன். ஆனாலும் நீ பேசிப் பதினான்கு நாளாகிறது.

இக்கடிதத்தோடு ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். பொட்டலம் வந்து சேர நாளாகும் என்பதால், கடிதத்தை மட்டும் இன்றிரவே படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். கதிருக்குச் சளி எப்படி இருக்கிறது? காதை இழுப்பது நின்றதா? அன்று இரவே உனக்குக் குறுஞ்செய்தியில் எழுதினேன், காதில் எதையும் விடவேண்டாம் என்று. அதற்கு நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினாய். அது சரி என்பதா, பார்த்தேன் என்பதா, போதும் அம்மா என்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

பொட்டலத்தில் இருப்பவற்றைச் சொல்கிறேன். சுக்கு கால் கிலோ இருக்கிறது. தோலைச் சீவித்தான் வைத்திருக்கிறேன். சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்று ஆச்சி சொல்லிக்கொண்டே சீவுவது உனக்கு நினைவிருக்கும். வறுத்த மல்லி இரண்டு பங்கு, சுக்கு ஒரு பங்கு, மிளகும் திப்பிலியும் வாசனைக்கு என்று தட்டி வைத்த காபிப் பொடியும், உடன்குடிக் கருப்பட்டி நான்கு வட்டும் இருக்கின்றன. இவை உனக்கும் மாப்பிள்ளைக்கும். தொண்டை கரகரத்தால் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளித்த பிறகு குடியுங்கள். மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப் போட மறக்காதே. மிளகு சேர்ந்தால்தான் மஞ்சளின் சத்து உடம்பில் சேர்கிறது என்பதை இன்றைய ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன, நம் வீட்டுப் பெண்கள் காரணம் தெரியாமலேயே அப்படிச் செய்துவந்தார்கள். அதிமதுரம் ஒரு சிறு பொட்டலமாகத் தனியே கட்டியிருக்கிறேன். அது இருமலுக்கு இதமானதுதான், ஆனால் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அத்தை அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் அவருக்குக் கொடுக்கவேண்டாம். இதை நான் சொன்னதாகச் சொல்லாமல் நீயே தெரிந்து செய்.

ஓமமும் வைத்திருக்கிறேன். சாப்பிட்டபின் வயிறு பொருமினால் ஒரு சிட்டிகை ஓமத்தை வெந்நீரில் கொதிக்கவிட்டு வடித்துக் குடிக்க வேண்டும். அதில் உள்ள தைமால் என்னும் பொருள்தான் அந்தக் காரத்துக்கும் மணத்துக்கும் காரணம். வெந்தயம் வைக்கவில்லை, அங்கேயே கிடைக்கும் என்றாய்.

வசம்பும் வைக்கவில்லை. இதற்காக அத்தை வருத்தப்படலாம், பேரனுக்கு உரை மருந்து கொடுக்க வசம்பு இல்லாத பொட்டலம் என்ன பொட்டலம் என்று. ஆச்சி அதன் பெயரைக்கூட இரவில் சொல்லமாட்டாள், பேர் சொல்லாதது என்பாள். விளக்கில் சுட்டுத் தாய்ப்பாலில் உரைத்துத்தான் உன்னையும் வளர்த்தோம். ஆனால் அதில் ஆசரோன் என்று ஒரு பொருள் இருக்கிறது, அதன் காரணமாக அமெரிக்காவில் 1968 முதல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது என்று படித்தபிறகு அதைப் பொட்டலத்தில் வைக்க எனக்குக் கை வரவில்லை. தேனும் வேண்டாம், பிள்ளைக்கு ஒரு வயது நிறையும்வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்கவேண்டாம். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், காய்ச்சினாலும் சாவதில்லை. முதல் பிறந்தநாள் கழிந்தபின் இரவு இருமலுக்கு அரைத் தேக்கரண்டி தேனைப்போல இதமான மருந்து வேறில்லை, அப்போது நானே மலைத்தேன் வாங்கி அனுப்புகிறேன். தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டு நெஞ்சில் தடவுவதும் வேண்டாம்; கற்பூரம் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பை உண்டாக்கும். ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம், கொதிநீர்ப் பாத்திரத்தின் பக்கத்திலேயே பிள்ளையைக் கொண்டுபோகாதே. மூக்கடைத்தால் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும், எண்ணெய்ச் சொட்டு வேண்டாம், மூக்கிலும் வேண்டாம், காதிலும் வேண்டாம். கணப்பு போட்ட அறையில் காற்று காய்ந்துபோகும் என்று மாப்பிள்ளை சொன்னாரே, அதுதான் பாதி மூக்கடைப்புக்குக் காரணமாக இருக்கும்.

இவ்வளவு வேண்டாம் சொல்கிறவள் ஏன் பொட்டலம் கட்டுகிறாள் என்று நீ சிரிப்பாய். கை வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில் வாழ்ந்துகொண்டு அதைப் பழித்தால் நாக்கு அழுகும். 2012-இல் டெங்கு பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராக வழங்கியது. எங்கள் பள்ளியில் வரிசையில் நிறுத்தி ஊற்றிக் கொடுத்தவள் நான்தான். ஆனால் அதைக் குடித்த பிள்ளைக்கு மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் இரத்தத்தைப் பரிசோதிக்க அழைத்துப் போகும்படி அந்தந்தத் தாயிடம் சொல்லியனுப்பியவளும் நான்தான். பிறர் பிள்ளைகளுக்கு இந்த நிதானம் எனக்கு இருந்தது.

கதிருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வீட்டில் இருக்கட்டும். அவசரத்துக்கு அது இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து போடு, கண்ணளவு கூடாது. மறுபடியும் சொல்கிறேன், காதில் மட்டும் எதையும் விடாதே. வெதுவெதுப்பாக இருக்கிறது, இரண்டே சொட்டுதான், காலம் காலமாகச் செய்வதுதான் என்று யார் சொன்னாலும் விடாதே.

அத்தையின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. இந்தக் குளிரில் வந்திருந்து உனக்குச் சமைத்துப் போடுகிறார். நான் முழங்காலைச் சாக்குச் சொல்லி இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அன்று காணொளியில் அவர் பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி வைத்திருப்பதாகச் சொன்னபோது என் முகம் மாறியதை நீ பார்த்திருப்பாய். என் வைத்தியம் உயர்ந்தது, அத்தையின் வைத்தியம் தாழ்ந்தது என்று நான் நினைப்பதாக நீ எடுத்துக்கொண்டிருப்பாய். அவரை விட்டுக்கொடுக்காமல் நீ, “அம்மாவும் எனக்கு இதைத்தான் விடுவாள், இல்லையாம்மா?” என்று சிரித்தாய். மாமியாருக்காகப் பரிந்து பேசும் மகளைப் பெற்றது என் பெருமை. அதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு, இணைப்புச் சரியில்லை என்று நான்தான் துண்டித்தேன். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

1997 ஐப்பசியில் உனக்கு ஐந்து வயது. மழை விடாமல் பெய்த வாரம். சளி பிடித்து, மூன்றாம் நாள் இரவு இடது காதைப் பொத்திக்கொண்டு அலறினாய். நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, புறங்கையில் விட்டுச் சூடு பார்த்து, இரண்டு சொட்டு விட்டேன். விடியும்போது வலி நின்றுவிட்டது, தலையணை நனைந்திருந்தது. என் எண்ணெயால் வலி நின்றது என்று மகிழ்ந்தேன். உள்ளே கட்டியிருந்த சீழ் செவிப்பறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததால்தான் வலி நின்றது. கிழிந்த பறையின் வழியாக, அதற்குப் பிறகு ஒன்பது நாள், காலையும் மாலையும், நான் எண்ணெயை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். சீழ் வடிய வடியத் துணித்திரியால் துடைத்துவிட்டு, கெட்டதெல்லாம் வெளியே வருகிறது, நல்லதுதான் என்றேன்.

அந்த வாரம் எட்டாம் வகுப்புக்குச் செவியின் அமைப்பைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகளையும் வண்ணச் சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் வரைந்தேன். சிறு பிள்ளைகளுக்குத் தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் யூஸ்டேஷியன் குழல் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் சளிக் கிருமி எளிதில் ஏறிவிடும் என்பதும், முழுதாக இருக்கும் செவிப்பறையைத் தாண்டி எண்ணெய் உள்ளே போகாது என்பதும், கிழிந்திருந்தால் எண்ணெய் போகவே கூடாது என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. பாடத்தில் இருந்த காதும் என் மடியில் கிடந்த காதும் ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா இரண்டாம் நாளே டாக்டரிடம் போகலாம் என்றார். காதுவலிக்கெல்லாமா டாக்டர் என்று அவரை வாயடைத்தவள் நான்.

பத்தாம் நாள் காய்ச்சல் கண்டபிறகு போனோம். காதில் ஏதாவது விட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அறிவியல் ஆசிரியை என்று சொல்லி அறிமுகமாகியிருந்தேன், அந்த வாயால் எண்ணெய் விட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு எப்படி இப்படி ஆயிற்று என்று அவர் கேட்டபோது, சளி பிடிப்பதற்கு முந்திய ஞாயிறு அப்பா உன்னைக் குறுக்குத்துறைக்கு அழைத்துப்போய் ஆற்றில் முக்கியெடுத்ததைச் சொன்னேன். அப்பா பக்கத்திலேயே நின்றார். ஆற்றுத் தண்ணீர் போன காது என்று நம் வீட்டில் அன்று தொடங்கிய பேச்சு என் வாயில் பிறந்தது.

நான் எண்ணெய் விடாமலிருந்தாலும் பறை கிழிந்திருக்கலாம். அது பெரும்பாலும் தானே ஆறிவிடும் என்றும் டாக்டர் சொன்னார். ஆனால் அந்த ஒன்பது நாள் என்னுடையவை. ஆறு மாதம் மருந்து விட்டுத் துளை மூடியபோது அந்தக் காதில் கேட்கும் திறன் குறைந்திருந்தது. அதன்பின் அப்பா உன்னை ஆற்றுக்கு அழைத்துப் போகவில்லை; தாமிரபரணிக் கரையில் பிறந்தவள் நீச்சல் தெரியாமல் வளர்ந்தாய். பேருந்தில் உன் இடப்பக்கம் உட்கார்ந்து பேசினால் நீ பதில் சொல்லமாட்டாய், பெண்ணுக்குக் கர்வம் என்று உறவினர் சொன்னார்கள், நானும் சிரித்துவைத்தேன். நீ எப்போதும் கைப்பேசியை வலது காதுக்கே கொண்டுபோவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பேச்சை எடுத்துவிடுவேன். இரவில் பிள்ளை அழுதால் சங்கரிக்குக் கேட்பதில்லை, தூக்கம் கனம் என்று மாப்பிள்ளை அன்று வேடிக்கையாகச் சொன்னாரே, அவரிடம் சொல்: நீ வலப்பக்கம் சரிந்து படுத்தால் உனக்குக் கேட்காது. பிள்ளையின் தொட்டில் இருக்கும் பக்கம் அவர் படுத்துக்கொள்ளட்டும்.

கதிர் காதை இழுத்தால், படுக்கவைத்ததும் வீறிட்டால், காய்ச்சல் இருந்தால், அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோ. காதிலிருந்து நீரோ சீழோ வடிந்தால், வலி நின்றுவிட்டது என்று இருந்துவிடாதே. படுத்த வாக்கில் புட்டிப்பால் கொடுக்காதே, தலையை உயர்த்திப் பிடித்துக் கொடு. ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல், அத்தையைக் குற்றம் சொல்லாமல் சொல். உன் இடது காதையும் ஒருமுறை அங்கே காட்டிக்கொள், கேட்கும் கருவிகள் இப்போது மிகச் சிறியனவாக வந்துவிட்டன என்கிறார்கள். செலவு நான் தருகிறேன் என்றால் உனக்குக் கோபம் வரும், ஆனாலும் என் ஓய்வூதியம் இருக்கிறது.

எனக்குக் கடிதத்தைப் படம் பிடிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கமாக எடுத்து, எழுத்துத் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகுதான் அப்பா அனுப்புவார். இப்போது திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், எழுதி முடித்தாயா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அம்மா